வேட்டைக்காரனுக்குத் தெரிந்தது வீட்டுக்காரனுக்குத் தெரியவேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை. காலை 8 மணி.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கறிக்கடை. கடை முன்னே கூட்டம். தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து, கண் சிவக்க வந்து நிற்பவர்கள் ஒரு பக்கம். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த குடும்பத்துக்காரர்கள் ஒரு பக்கம்.

"பாய்! எனக்கு முக்கால் கிலோ. தொடைக்கறியாப் பார்த்துப் போடுங்க!"

ஒருவர் கறியை வாங்குகிறார். பையை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டுகிறார். வழியில் ஒரு நண்பர். டீக்கடையில் கொஞ்ச நேரம் பேச்சு. அடுத்து மளிகைக்கடை. அதற்கு அடுத்து சலூன். அங்கே 4 பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். காத்திருந்து, முடி வெட்டிக்கொண்டு, வீடு போய்ச் சேரும்போது மணி 11.

கறி என்ன ஆயிற்று? 3 மணி நேரம் வெயிலில் ஊஞ்சல் ஆடியது!

காட்டில் வேட்டையாடிப் பிழைத்த மனிதன் இந்தத் தவறைச் செய்யமாட்டான். மிருகம் விழுந்ததும் அவனுடைய வேலை முடிந்துவிடாது. அப்போதுதான் தொடங்கும். அந்த அறிவு இன்று கடைக்காரரிடமும் குறைந்துவிட்டது. வாங்குகிறவரிடமும் குறைந்துவிட்டது.

வேட்டை போய்விட்டது. போகட்டும். நல்லதே. ஆனால், வேட்டைக்காரனின் கவனமும் அதோடு போய்விடலாமா?

திண்ணன் செய்த வேலை

கண்ணப்பர் கதை தெரியாத தமிழர் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் அதை விரிவாகச் சொன்னார். கதை நடந்த காளத்தி, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

திண்ணன் கண்ணை அப்பியது எல்லோருக்கும் நினைவு இருக்கும். அதற்கு முன்னால் அவன் செய்த வேலையைப் பலர் கவனிப்பதில்லை.

பன்றி விழுந்ததும் அதைத் தண்ணீர் இருக்கும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். கூட வந்த காடனை உடனே நெருப்பு மூட்டச் சொன்னான் திண்ணன். பன்றியை அறுத்தான். நல்ல பாகங்களைத் தனியே எடுத்தான். அம்பில் கோத்துத் தீயில் பக்குவமாகக் காய்ச்சினான். ஒவ்வொரு துண்டையும் வாயில் வைத்துப் பதம் பார்த்தான். நன்றாக இருந்ததை மட்டும் இலைக் கல்லையில் வைத்துச் சாமிக்குக் கொண்டுபோனான்.

கூட வந்தவர்கள் அவனை விட்டுப் போன பிறகு, அவன் தன்னந்தனியாகவே வேட்டையாடினான். அறுப்பதும் அவன். சுடுவதும் அவன். சுமப்பதும் அவன்.

பக்தியை ஒரு பக்கம் வையுங்கள். இதில் ஒரு தொழில் தெரிகிறது. தண்ணீர், நெருப்பு, நல்லது கெட்டதைப் பிரித்தல், தாமதம் இல்லாமை, சுத்தமான இலை. இந்த ஐந்தும் இருந்தால்தான் கறி கறியாக இருக்கும்.

பனி நாட்டிலும் அதே பாடம்

அமெரிக்காவின் வடகோடியில் அலாஸ்கா என்ற மாநிலம் இருக்கிறது. பக்கத்தில் கனடா நாடு. அங்கே 'மூஸ்' என்ற ராட்சத மான் உண்டு. குதிரையைவிட உயரமாக நிற்கும். பெரிய ஆண் மூஸ் 500 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதிலிருந்து 200 கிலோவுக்கு மேல் கறி கிடைக்கும். இங்கே ஓர் ஆட்டில் கிடைப்பது 10 கிலோ, 15 கிலோதான்!

அங்கே அரசாங்கத்திடம் அனுமதி பெற்று, பருவ காலத்தில் மட்டும் வேட்டையாடலாம். சிலர் தனியாகவே போவார்கள். தனி ஆள் 500 கிலோ மிருகத்தை என்ன செய்வான்? புரட்டிப் போடுவதே பெரும்பாடு. காலைக் கயிற்றால் மரத்தில் இழுத்துக் கட்டுவான். விழுந்த இடத்திலேயே வேலையைத் தொடங்குவான்.

முதலில் குடலை எடுப்பான். குடல் உடையாமல், மூத்திரப்பை கிழியாமல் எடுக்கவேண்டும். உடைந்தால் அசுத்தம் கறியில் பரவும்.

அடுத்து தோலை உரிப்பான். மூஸின் தோல் கம்பளி மாதிரி கனமானது. அதை விட்டுவைத்தால் உடம்புச் சூடு உள்ளேயே தங்கும். வெளியே குளிர் காற்று அடித்தாலும், உள்ளே தொடை எலும்பை ஒட்டிய கறி வெந்நீர்ப் பானை போல வெதுவெதுப்பாக இருக்கும். அங்கேதான் கெடுதல் தொடங்கும். மேலே பார்த்தால் செக்கச்செவேல் என்று இருக்கும். உள்ளே நாற்றம்!

அதனால் கால்களைத் தனித்தனியாகப் பிரிப்பான். காற்றுப் புகும் துணிப் பையில் போட்டு, நிழலில் மரக்கிளையில் தொங்கவிடுவான். பிளாஸ்டிக் பையில் கட்டமாட்டான். அதில் சூடும் ஈரமும் அடைபட்டு, கறி புழுங்கிப் போகும். பிறகு ஒவ்வொரு சுமையாக முதுகில் தூக்கிக்கொண்டு பல தடவை நடப்பான். கரடி வந்துவிடுமோ என்ற பயம் வேறு!

இவ்வளவு பாடும் குளிர் நாட்டில். கும்மிடிப்பூண்டி வெயிலில் கறியைப் பைக்குள் கட்டித் தொங்கவிடுகிறவர் சற்று யோசிக்கவேண்டும்.

கொம்புக்கு முன்னால் கறி

அலாஸ்காவில் ஒரு சட்டம் உண்டு. மூஸைக் கொன்றுவிட்டு, உண்ணக்கூடிய கறியைக் காட்டில் வீணாக விட்டுவந்தால் அது குற்றம். தண்டனை உண்டு. மூஸின் கொம்பு அழகானது. சுவரில் மாட்டிப் பெருமைப்படலாம். ஆனால், அங்கே பல பகுதிகளில், கறியை எல்லாம் சுமந்து முடிப்பதற்கு முன்னால் கொம்பைக் கொண்டுபோகக் கூடாது. கடைசிச் சுமையோடுதான் கொம்பு வரவேண்டும்.

எவ்வளவு நல்ல சட்டம்! உயிரை எடுத்தவனுக்குக் கடமை உண்டு என்று அது சொல்கிறது. பெருமை பிறகு. பொறுப்பு முதலில்.

இந்த நியாயம் தமிழ்நாட்டுச் சமையலறைக்குப் புதிது அல்ல. ஆட்டின் தலை தலைக்கறி ஆகும். கால் சூப் ஆகும். குடல் குழம்பு ஆகும். ரத்தம் பொரியல் ஆகும். ஈரல், சுவரொட்டி எல்லாம் பிள்ளை பெற்றவளுக்கும் சோகை பிடித்தவர்களுக்கும் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். தோல் தொழிற்சாலைக்குப் போகும். வீண் என்று எதுவும் இருந்ததில்லை.

இன்று? கோழிக்கழிவை மூட்டை கட்டி, இருட்டில் ஏரிக்கரையிலும் சாலை ஓரத்திலும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நாய் இழுக்கிறது. ஈ மொய்க்கிறது. குடிக்கும் தண்ணீர் கெடுகிறது. உயிரைக் கொன்று, பாதியை ஊருக்கு நோயாகத் திருப்பிக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

பதினைந்து லட்சம் ஆண்டு!

திருவள்ளூர் மாவட்டம் இந்த விஷயத்தில் உலகத்துக்கே பழைய பள்ளிக்கூடம். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

பூண்டி ஏரியிலிருந்து அதிக தூரம் இல்லை. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர். 1863ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலநூல் அறிஞர் முதலில் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் தன் நண்பர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் வந்தார். இங்கே கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன.

பிற்காலத்தில் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்தார்கள். 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கோடரிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை!

அந்தக் கல் எதற்கு? மரம் வெட்ட, கிழங்கு தோண்ட உதவியிருக்கும். மிருகத்தின் தோலைக் கிழிக்கவும், கறியை அறுக்கவும் உதவியிருக்கும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வேட்டையாடிய மிருகமோ, புலி விட்டுப்போன மிச்சமோ, கூரான கல் இல்லாமல் கனத்த தோலைக் கிழிக்க முடியாது. மனிதனுக்குப் புலிப்பல் இல்லை. ஆகவே கல்லில் பல் செய்துகொண்டான்.

அந்த மனிதர்களிடம் ஐஸ் இல்லை. உப்பு மூட்டை இல்லை. கையில் ஒரு கல். எதிரே சுடும் வெயில். சீக்கிரம் அறுத்து, சீக்கிரம் பங்கிட்டு, சீக்கிரம் தின்னவேண்டும். இந்த அவசரம்தான் மனிதனுக்குக் கறி கற்றுக்கொடுத்த முதல் பாடமாக இருந்திருக்கும்.

இருளர் கைப்பக்குவம்

அதே மண்ணில் இன்றும் இருளர் வாழ்கிறார்கள். காட்டை எழுத்தாகப் படித்தவர்கள். புற்றைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். தடத்தைப் பார்த்தால் எப்போது போனது என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகுத்த 6 சமூகங்களில் அவர்களும் ஒருவர்.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயலும் உடும்பும் காட்டுப்பன்றியும் வேட்டைக்குத் தடை செய்யப்பட்டன. மீறினால் சிறை. இந்தச் சட்டம் தேவையானதுதான். துப்பாக்கியோடு பொழுதுபோக்க வந்தவர்கள் காட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அதை நிறுத்தத்தான் வேண்டும்.

ஆனால், பொழுதுபோக்குக்குச் சுட்டவனுக்கும், அடுப்பு எரிய வேட்டையாடியவனுக்கும் ஒரே பூட்டு விழுந்தது. முதல் ஆள் வேறு பொழுதுபோக்குத் தேடிக்கொண்டான். இரண்டாவது ஆளுக்குப் பிழைப்பே போயிற்று. 1978இல் பாம்புப் பிடிக்கும் இருளருக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அவர்கள் எடுத்துத் தரும் நஞ்சு, பாம்புக்கடி மருந்தாகி எத்தனையோ உயிரைக் காக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. பெருமைதான். ஆனால், எல்லா இருளருக்கும் அந்த வழி திறக்கவில்லை. பலர் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கூலிகளாகப் போனார்கள். முன்பணம் வாங்கிக் கொத்தடிமை ஆனவர்களும் உண்டு.

வயல் எலி மட்டும் அவர்களுக்கு மிஞ்சியது. 1972 சட்டம் எலியைத் தீங்கு செய்யும் உயிர்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது. எலியைப் பிடித்தால் உழவனுக்கும் லாபம். வளையில் எலி சேர்த்த நெல்லும் கிடைக்கும். முன்பு மண்பானையில் புகை மூட்டி, வாயால் வளைக்குள் ஊதுவார்கள். கை சுடும். நெஞ்சில் புகை ஏறும். பிறகு கையால் சுற்றும் இரும்புக் கருவி ஒன்று வந்தது. அந்தத் திட்டத்துக்கு 2003இல் உலக வங்கி நடத்திய போட்டியில் பரிசும் கிடைத்தது.

எலியைப் பிடித்ததும் என்ன செய்வார்கள்? வீட்டுக்குக் கொண்டுபோய் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைப்பதில்லை. வைக்கோல் நெருப்பில் மயிரைப் பொசுக்குவார்கள். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து எறிவார்கள். நன்றாகச் சுட்டோ, குழம்பு வைத்தோ அன்றைக்கே தின்பார்கள். பக்கத்துக் குடிசைக்கும் பங்கு போகும்.

எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும் ஆபத்து உண்டு. கையில் புண் இருந்தால் எச்சரிக்கை வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். கறி நன்றாக வேகவேண்டும். இதெல்லாம் உண்மை.

ஆனாலும் ஒரு கேள்வி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் உயிரோடு ஓடியதைச் சுட்டுச் சுடச்சுடத் தின்கிறவன் ஒருவன். காலையில் செய்து, வெதுவெதுப்பாக மாலை வரை கிடந்த பிரியாணியைத் தின்கிறவன் இன்னொருவன். இருவரில் யார் சுத்தமாகச் சாப்பிடுகிறார்? 'எலி தின்கிறவன்' என்று ஏளனம் செய்யும் வாய், தன் இலையில் இருப்பது எத்தனை மணி நேரத்துப் பண்டம் என்று முதலில் கேட்கட்டும்!

ஒன்று 4,096 ஆன கதை

கறி ஏன் கெடுகிறது? கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால்.

கிருமிக்கு வெதுவெதுப்பு பிடிக்கும். 5 டிகிரிக்குக் கீழே அது சுருண்டு படுக்கும். 60 டிகிரிக்கு மேலே அதனால் பெருக முடியாது. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் அதற்குக் கொண்டாட்டம். திருவள்ளூர் மாவட்டத்து வெயில் இந்த நடுவிலேதான் இருக்கிறது!

நல்ல சூடும் ஈரமும் கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மடங்காகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்கு ஒன்று. 9 மணிக்கு 8. பத்து மணிக்கு 64. பதினொரு மணிக்கு 512. பகல் 12 மணிக்கு 4,096!

இது ஒரே ஒரு கிருமியின் கணக்கு. வெட்டும் கட்டையில் இருப்பது ஒன்றா, இரண்டா?

அதனால்தான் சமைத்த பண்டத்தையும் கெட்டுப்போகும் பண்டத்தையும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்க அரசு. கும்மிடிப்பூண்டியில் வருஷத்தில் எத்தனை நாள் பகலில் 32 டிகிரிக்குக் கீழே இருக்கிறது? அங்குள்ளவர்களே சொல்லட்டும்.

"தாத்தா காலத்தில் ஐஸ்பெட்டி ஏது?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

தாத்தா காலத்தில் ஊருக்கு ஒரு நாள் ஆடு அறுப்பார்கள். விடிகாலையில் மரத்தடியில் தொங்கவிட்டுத் தோல் உரிப்பார்கள். ஊரே கூடி நின்று கூறு போட்டு வாங்கும். தேக்கிலையில் கட்டிக்கொண்டு நடந்தால் ஐந்து நிமிடத்தில் வீடு. அம்மி ஏற்கெனவே அரைத்துத் தயாராக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் குழம்பு கொதிக்கும். தாத்தாவுக்கு ஐஸ்பெட்டி இல்லை. தேவையும் இல்லை!

மிஞ்சியதை என்ன செய்தார்கள்? உப்புக்கண்டம் போட்டார்கள். கறியை மெல்லிய கீற்றாக அரிந்தார்கள். உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவினார்கள். நூலில் கோத்து, காக்கை கொத்தாமல் வலை போட்டு, கடும் வெயிலில் பல நாள் காயவைத்தார்கள். உப்பு கறியின் தண்ணீரை உறிஞ்சும். வெயில் மிச்சத்தை இழுக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. கனமான துண்டாகப் போட்டால் உள்ளே காயாது, புழுத்துவிடும். அதனால்தான் மெல்லிய கீற்று. மூஸ் வேட்டைக்காரன் தொடையைப் பிரிப்பதும், பாட்டி கறியைக் கீற்றாக அரிந்ததும் ஒரே கணக்குத்தான்!

ஆகவே, தாத்தா பாட்டியைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவர்கள் செய்த முழு வேலையையும் செய்யவேண்டும். அவர்கள் காட்டிய அவசரத்தை விட்டுவிட்டு, ஐஸ்பெட்டி இல்லாததை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

மீனுக்கு உண்டு, கறிக்கு இல்லையா?

அதே மாவட்டத்தில் பழவேற்காடு இருக்கிறது. மீனவர்களைக் கேளுங்கள். மீனும் இறாலும் கரை சேர்ந்தால் முதலில் தேடுவது ஐஸ். ஐஸ் இல்லாமல் மீன் வியாபாரம் இல்லை. ஏழை வியாபாரிகூடப் பெட்டியில் ஐஸ் போட்டுத்தான் கொண்டுபோகிறார்.

மீன் சீக்கிரம் நாறும். அதனால் எல்லோருக்கும் பயம். கறி நாற்றத்தைக் காட்டுவதற்கு முன்னாலேயே கெடுதல் செய்யும். பயப்படவேண்டியது அங்கேதான்!

எல்லாக் கறிக்கடைக்காரரையும் குறை சொல்வது சரியல்ல. விடியுமுன் எழுந்து, கட்டை தேய்த்து, பகலுக்குள் விற்று முடித்து, கடையை வெந்நீரால் கழுவிப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கறியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மற்றவர்களும் அப்படி ஆகவேண்டும் என்பதுதான் விஷயம்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். வெயில் படாமல் கூரை. ஈ புகாமல் வலைத்தட்டியோ கண்ணாடிப் பெட்டியோ. முழு ஆட்டையும் ஒரே நேரத்தில் துண்டு போடாமல், விற்க விற்க வெட்டும் பழக்கம். ஓர் ஐஸ்பெட்டி. கை கழுவச் சோப்பு. இவ்வளவு போதும்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டை அறுக்கும் முன்னால் ஓய்வும் தண்ணீரும் கொடுக்கவேண்டும். லாரியில் நெருக்கி ஏற்றி, அடித்து இழுத்து, களைத்துப்போன ஆட்டின் கறி கறுத்துப் போகும், சீக்கிரம் கெடும். வெகுதூரம் துரத்தப்பட்ட மிருகத்தின் கறி நன்றாக இராது என்று வேட்டைக்காரனுக்கு என்றோ தெரியும். இரக்கமும் ருசியும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன.

அரசுக்கும் பங்கு உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறிய கறிக்கடையும் பதிவு செய்துகொள்ளவேண்டும். பதிவு எழுதிக்கொண்டால் மட்டும் போதாது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூடியிருக்கும் கும்மிடிப்பூண்டி போன்ற இடத்தில், தண்ணீர் வசதியும் சாக்கடை வசதியும் உள்ள நல்ல ஆடு அறுக்கும் கூடம் வேண்டும். கழிவை எடுத்துப்போக வண்டி வேண்டும். அபராதம் போட அதிகாரி வருவதற்கு முன்னால், வழி காட்ட ஒருவர் வரவேண்டும். வசதி செய்து கொடுத்துவிட்டுத் தண்டித்தால் அது சட்டம். வசதி இல்லாமல் தண்டித்தால் அது தொல்லை.

வீட்டில் செய்யவேண்டியது

கடைக்காரர் நல்லவர். கறியும் நல்லது. அப்புறம்? பாதிக் காரியம் வீட்டில் இருக்கிறது.

கறி வாங்குவது கடைசி வேலையாக இருக்கட்டும். டீயும் மளிகையும் சலூனும் முதலில். கறி கடைசியில். வாங்கியதும் நேரே வீடு.

வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கு எடுத்துப்போகலாம். மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. தூக்கு சுத்தம், மூடியும் உண்டு.

நல்ல கறியை விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்பும். கையில் பிசுபிசுக்காது. புளித்த வாடை அடிக்காது. சந்தேகம் வந்தால் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்படக் கூடாது.

கறி அரிந்த அரிவாள்மணையிலேயே பச்சடிக்கு வெங்காயம் அரியக் கூடாது. கறி வெந்துவிடும், கிருமி சாகும். பச்சடி வேகாது! கிருமி அப்படியே பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். முதலில் வெங்காயம், பிறகு கறி. இந்த ஒரு மாற்றத்துக்குக் காசே வேண்டாம்.

கோழியைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் தெறிக்கக் கழுவினால், கிருமி அடுப்படி முழுவதும் தெறிக்கும். பாத்திரத்தில் வைத்து நிதானமாகக் கழுவி, தண்ணீரைக் கொட்டி, கையைச் சோப்பால் தேய்த்துக் கழுவவேண்டும். மஞ்சள் தடவிவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்று நம்பக் கூடாது. கொல்வது அடுப்பு. கறியின் நடுப்பாகமும் 70 டிகிரியைத் தாண்டி வேகவேண்டும். சாறு சிவப்பாக வந்தால் இன்னும் வேகவேண்டும்.

பிரிட்ஜில் பச்சைக் கறியை மூடி, கீழ்த்தட்டில் வைக்கவேண்டும். மேலே வைத்தால் நீர் சொட்டிச் சோற்றில் விழும். உறைந்த கறியை வெயிலில் வைத்து இளக்கக் கூடாது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை. தூங்கவைக்கிறது. வெளியே எடுத்ததும் எழுந்துகொள்ளும்!

மறுநாள் குழம்பு

"கறிக்குழம்பு மறுநாள்தான் ருசி!" என்பது தமிழர் வாக்கு. ருசிதான். மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தச் சட்டி இரவு முழுவதும் எங்கே இருந்தது?

பெரிய சட்டி நிறையக் குழம்பு. மூடி போட்டு அடுப்பு மேலேயே விட்டுவிடுகிறார்கள். மேலே ஆறியிருக்கும். நடுவிலே நள்ளிரவு வரை வெதுவெதுப்பு. கொதித்தாலும் சாகாத வித்து சில கிருமிகளுக்கு உண்டு. சூடு குறைந்ததும் அவை முளைத்துப் பெருகும். மூஸின் தொடை எலும்பில் நடந்த அதே கதை, இங்கே குழம்புச் சட்டியின் நடுவில் நடக்கிறது! கல்யாண வீட்டுப் பிரியாணி அண்டாவிலும் அதேதான்.

பரிகாரம் சுலபம். மிஞ்சிய குழம்பை அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து ஊற்றவேண்டும். சீக்கிரம் ஆறும். ஆறியதும் பிரிட்ஜில் வைக்கவேண்டும். மறுநாள் எடுத்தால், வெதுவெதுப்பாக அல்ல, தளதளவென்று கொதிக்கவைத்துப் பரிமாறவேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீடா? அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் சமைப்பதே நல்லது. மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குச் சுடச்சுட ஒரு கிண்ணம். இருளர் செய்வது அதுதான். உறவும் வளரும், வயிறும் கெடாது!

உயிருக்குச் செய்யும் மரியாதை

கறி தின்னலாமா, கூடாதா என்பது அவரவர் விருப்பம். அந்த வழக்குக்கு இங்கே இடம் இல்லை. ஆனால், தின்பது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு.

ஓர் ஆடு உயிரை விட்டிருக்கிறது. ஒரு தொழிலாளி ஒரு நாள் கூலியைக் கொடுத்து அதை வாங்கியிருக்கிறார். வீட்டில் பிள்ளைகள் வாரம் முழுவதும் அந்த ஒரு வேளைக்குக் காத்திருக்கிறார்கள். அந்தச் சோறு நோயாக மாறினால் ஆட்டின் உயிரும் வீண். கூலியும் வீண். திங்கட்கிழமை வேலையும் வீண். ஆஸ்பத்திரிச் செலவு வேறு!

அத்திரம்பாக்கத்தில் கல்லோடு குனிந்தவன், காளத்தியில் பதம் பார்த்த திண்ணன், வரப்பில் வைக்கோல் தீ மூட்டும் இருளர், பனிக்காட்டில் தனியாகச் சுமக்கும் மூஸ் வேட்டைக்காரன். இவர்களில் யாரும் இன்னொருவரைப் பார்த்ததில்லை. ஆனால், நால்வருக்கும் தெரிந்த விஷயம் ஒன்றே: மிருகம் விழுந்ததும் வேலை முடிவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும். அதே கடை. அதே கூட்டம். அதே முக்கால் கிலோ.

சலூன் காத்திருக்கட்டும். கறி முதலில் வீடு போய்ச் சேரட்டும்!